வயல்வெளியில் தீ மூட்டுமுன் அறிய வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, ஏரிகளில் நீர் இறங்கி, மாசி பிறந்தவுடன் படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பகுதிகளில் தீயின் பருவமும் தொடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவ மழையில் இடுப்பளவு வளர்ந்த புல் காய்ந்து நிற்கும். வேலியோரம் சருகு குவிந்திருக்கும். களத்தில் வைக்கோல் போர் ஏறியிருக்கும். வரப்பைச் சுத்தம் செய்யவும், வெட்டிய முள்ளை ஒழிக்கவும், அறுத்த தாளை அழிக்கவும், களத்தில் சோறு பொங்கவும் விவசாயிகள் வெட்டவெளியில் நெருப்பு மூட்டுவது இந்தக் காலத்தில்தான்.

இத்துடன் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வருவோர் தோப்புகளிலும் பண்ணை வீடுகளிலும் இரவில் கட்டைகளை அடுக்கித் தீ வளர்த்துச் சுற்றி அமர்கிறார்கள். கரி அடுப்பில் இறைச்சி சுடுகிறார்கள். 'கேம்ப் ஃபயர்', 'பார்பிக்யூ' என்ற சொற்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பழகிவிட்டன. பெயர் எதுவானாலும் நெருப்பு ஒன்றுதான். அது பரவும் விதமும், அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் ஒன்றுதான்.

இரண்டு ஏக்கர் நெல்லில் கிடைக்கும் வைக்கோல், இரண்டு கறவை மாடுகளுக்கு ஏறக்குறைய ஓராண்டுத் தீவனம். அது எரிந்துபோக அரை மணி நேரம் போதும். பக்கத்து மோட்டார் கொட்டகையும், பி.வி.சி. குழாயும், சொட்டு நீர்க் குழாயும் அதனுடன் போனால் சிறு விவசாயி எழுந்து நிற்கப் பல பருவங்கள் ஆகும். ஆகவே, எங்கே தீ மூட்டலாம், எங்கே கூடாது, எப்படி மூட்ட வேண்டும், எப்படி அணைக்க வேண்டும் என்பதைக் கோடைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சொந்த நிலத்தில் தீ மூட்டலாமா?

சொந்தப் பட்டா நிலத்தில் சமைப்பதற்கோ குளிர் காய்வதற்கோ நெருப்பு மூட்டத் தனி உரிமம் வாங்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மூட்டிய நெருப்புக்கு முழுப் பொறுப்பும் மூட்டியவருடையது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 287-ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்து உண்டாகும் வகையில் நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டால் 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தன் பொறுப்பில் உள்ள நெருப்பினால் ஆபத்து நேராதபடி தக்க ஏற்பாடு செய்யாமல் விட்டாலும் இதே குற்றம்தான். அதாவது, மூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டவர், 'நான் வேண்டுமென்று செய்யவில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நட்டம் விளைவிக்கும் எண்ணத்துடன், அல்லது நட்டம் விளையும் என்று தெரிந்தே பிறர் சொத்துக்குத் தீ வைப்பது வேறு குற்றம். அதற்கு 326-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. விளைபொருள்களையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வரப்புத் தகராறில் வைக்கோல் போருக்குத் தீ வைப்பது இந்த வகையில் அடங்கும்.

தண்டனை ஒருபுறம் இருக்க, தீ பரவிப் பக்கத்து நிலத்துக்காரரின் பயிரோ, போரோ, கொட்டகையோ எரிந்தால் அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். மேலும், வறட்சி மிகுந்த காலத்திலோ வேறு ஆபத்து உள்ள போதோ மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியில் தீ மூட்டுவதைத் தற்காலிகமாகத் தடை செய்யவும் அதிகாரம் பெற்றிருக்கிறது. அப்படி உத்தரவு வந்தால் சொந்த நிலத்துக்கும் அது பொருந்தும். கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்படும் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்புக் காட்டின் ஓரம்

வண்டலூரை ஒட்டிக் காப்புக் காடு உள்ளது. 1985-இல் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் காட்டு நிலத்தில் அமைந்ததே. நன்மங்கலத்திலும் காப்புக் காடு உண்டு. இவற்றை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களும், அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்களும் ஒரு விஷயத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி, காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது, தீயை எடுத்துச் செல்வது இரண்டும் குற்றம். வனத்துறை அறிவித்த காலத்திலும் முறையிலும் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. அதோடு முடியவில்லை. காட்டுக்கு ஆபத்து வரும் வகையில் தீ மூட்டுவதும், மூட்டிய தீயை எரியவிட்டுப் போவதும் அதே பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளன. எனவே காட்டெல்லைக்கு வெளியே, சொந்தக் கொல்லையில் மூட்டிய தீ காட்டுக்குத் தாவினாலும் மூட்டியவரே பதில் சொல்ல வேண்டும். காட்டோரத்து நிலத்தில் கோடையில் தீ மூட்டாமல் இருப்பதே மேல். மிகவும் அவசியம் என்றால் வனக் காவலரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

காய்ந்த புல்லில் தீ எவ்வளவு கொடியது என்பதற்கு 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததே சாட்சி. மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் புல் சரிவில் காட்டுத் தீக்குள் சிக்கிக்கொண்டனர். 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழக அரசு அதே ஆண்டில் தனி விதிகளை வகுத்தது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கணக்கு. ஏரிக்கரைச் சரிவிலும் குன்றோரத்திலும் இதே கணக்குதான். கரையின் அடியில் வைத்த தீ உச்சிக்கு ஓடும். உச்சியில் நிற்பவருக்கு ஓட வழி இருக்காது.

ஏரிக்கரையும் புறம்போக்கும்

ஏரிகள் தனியாருடையவை அல்ல. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. கரையிலும் உள்வாயிலும் நிற்கும் மரங்களுக்குத் தீ வைப்பது பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதாகும்.

சீமைக் கருவேலை ஒழிப்பதாக எண்ணிச் சிலர் தீ வைக்கிறார்கள். அதனால் பயன் இல்லை. மேலே எரிந்தாலும் தூர் உயிருடன் இருந்து மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். வேரோடு பறிப்பதே அதற்கு வழி. தீயினால் உண்மையில் அழிவது கரையைப் பிடித்து நிற்கும் புல்லும், எலியைத் தின்னும் பாம்பும், தரையில் கூடு கட்டும் பறவையும்தான். பாம்பு குறைந்தால் அடுத்த பருவத்தில் எலி வெட்டு கூடும். புல் கருகிய கரையை முதல் மழை அரித்துவிடும்.

பனை மரத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வரப்பில் வைக்கும் தீ, அடிமரத்தில் தொங்கும் காவோலையைப் பற்றி நொடியில் உச்சிக்கு ஏறிவிடும். குருத்து கருகினால் பனை பிழைக்காது. காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் எடுக்கும் மரம் ஒரு நாள் அலட்சியத்தில் போய்விடும். பனையை வெட்டுவதற்கே மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. வெட்டக் கூடாத மரத்தை எரித்துவிடுவது எப்படிச் சரியாகும்? பனையடியில் உள்ள புல்லையும் காவோலையையும் கோடைக்கு முன்பே அகற்றிவிட வேண்டும்.

குப்பையும் பிளாஸ்டிக்கும்

மல்ச்சிங் தாள், உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா, பழைய சொட்டு நீர்க் குழாய், டயர் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது. இவற்றின் புகை நுரையீரலுக்கு நஞ்சு. தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது.

போகியன்று பழைய பொருள்களை எரிப்பது வழக்கம். ஓலைப்பாயும் துடைப்பமும் எரிந்த காலம் வேறு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும் காலம் வேறு. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. மார்கழி, தை விடியற்காலையில் புகை மேலே எழாமல் தரையோடு படியும். நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தில் அந்த நேரத்தில் மூட்டம் போட்டால் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் வரும் லாரிக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியாது.

குப்பைத் தீக்கு இன்னொரு குணம் உண்டு. மேலே அணைந்தது போலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை முற்றிலும் அணைக்க, வாகனங்கள் பல வந்தும், பல நாட்கள் பிடித்தன. எருக்குழிக்கும் உமிக் குவியலுக்கும் இதே குணம்தான்.

காற்று திரும்பும் நேரம்

இப்பகுதி விவசாயிகள் தனியாகக் கவனிக்க வேண்டியது கடற்காற்று. சித்திரை, வைகாசியில் காலை வேளையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்கரையில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று தொடங்கும். அது படப்பை வரை உள்ளே வந்துசேரப் பிற்பகலாகும். மேற்குக் காற்று பலமாக உள்ள ஆனி, ஆடியில் இன்னும் தாமதமாகும். சில நாள் வராமலே போகும்.

இதன் பொருள் என்ன? காலை 10 மணிக்குக் காற்றைப் பார்த்து, 'தீ கிழக்கே தரிசுப் பக்கம்தான் போகும்' என்று எண்ணி ஒருவர் முள்ளுக்குத் தீ வைக்கிறார். பிற்பகல் 3 மணிக்குக் காற்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அதுவரை கனன்ற கங்கு இப்போது மேற்கே உள்ள வைக்கோல் போரை நோக்கிப் பொறி பறக்க வைக்கிறது. வைத்தவர் அதற்குள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். கோடையில் மூட்டிய எந்த நெருப்பும் காற்று திரும்புமுன் முற்றிலும் அணைந்திருக்க வேண்டும். பகல் உச்சி வேளையில் எழும் சுழல் காற்றும் எரியும் சருகை வெகு தூரம் தூக்கிப் போடும். எனவே விடியற்காலையில் ஈரம் உலராத நேரத்தில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது பாதுகாப்பானது. சாலையோர நிலமாக இருந்து பனிமூட்டமும் இருந்தால் அன்று விட்டுவிட வேண்டும்.

தீ மூட்டும் முறை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோடைக் காட்டுத் தீயால் பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்த அனுபவம் உண்டு. அங்கே திறந்த வெளி அடுப்புக்கும் கூடாரத் தீக்கும் கண்டிப்பான அளவுகள் வைத்திருக்கிறார்கள். குழி 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். தீயின் பரப்பு 1 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் 3 மீட்டருக்கு எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் மூட்டக் கூடாது. அணைக்கும் வசதியுடன் பெரியவர் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். முழுத் தடை அறிவிக்கப்பட்ட நாட்களில் இவற்றுக்கும் அனுமதி இல்லை. இந்த அளவுகள் நம் ஊருக்குச் சட்டமல்ல. ஆனால் நம் ஊர்க் களத்துக்கும் தோப்புக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் குழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாகப் போட வேண்டும். நான்கைந்து அடி எடுத்து வைக்கும் தூரத்துக்குச் சுற்றிலும் புல்லையும் சருகையும் மண்வெட்டியால் செதுக்கிவிட வேண்டும். இலைகள் காற்றில் அசையாமல் அல்லது லேசாக மட்டும் அசைந்தால் மூட்டலாம். சிறு கிளைகள் ஓயாமல் ஆடினால் அன்று வேண்டாம். இரண்டு குடம் தண்ணீர், ஒரு மண்வெட்டி, நனைத்த சாக்கு, பச்சை வேப்பங்கொத்து ஆகியவற்றை முதலில் வைத்துக்கொண்டு பிறகே தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும்.

மின்கம்பிக்கு அடியில் தீ கூடாது. உயரமான சுவாலையும் அடர்ந்த புகையும் கம்பிகளுக்கிடையே மின்சாரம் பாய வழி செய்யும். கம்பி சூடேறித் தொய்ந்து அறுந்தும் விழலாம். மோட்டார் கொட்டகை, டீசல் வைத்த இடம், வைக்கோல் போர், ஓலைக் கூரை இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி மூட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. கூரையில் விழும் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை 2004 ஜூலை 16 அன்று தமிழ்நாடு முழுதும் கண்டது. கும்பகோணம் பள்ளியில் சமையற் கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரையைப் பற்றியதில் 94 குழந்தைகள் மாண்டனர்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் தீ மூட்டக் கூடாது. குறிப்பாக, எரியும் கங்கின் மேல் பெட்ரோல் ஊற்றினால் அதன் ஆவி பற்றிக் கையில் உள்ள கேன் வரை தீ வந்துவிடும். ஏரியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் எடுத்த ஈரக் கற்களை அடுப்புக் கூட்டக் கூடாது. உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும்.

தோப்பை வாடகைக்கு விடுவோருக்கு

வார இறுதியில் மாந்தோப்பையோ களத்தையோ வெளியூர்க் கூட்டத்துக்கு விட்டுச் சிறு வருமானம் பார்ப்பவர்கள் இப்போது உண்டு. வருபவர்களுக்குப் புல்லும் போரும் ஒன்றுதான், ஆபத்து தெரியாது. தீ மூட்டும் இடத்தை நிலத்துக்காரரே தீர்மானித்துக் குழி வெட்டி வைத்துவிட வேண்டும். வேறு இடத்தில் மூட்டக் கூடாது என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். விறகையும் அளவாக நாமே கொடுத்துவிட்டால் வேலிக் கழியைப் பிடுங்கி எரிக்க மாட்டார்கள். கோடையில் பட்டாசும் பறக்கும் விளக்கும் வேண்டாம். அவர்கள் கிளம்பிய பிறகு இரவு எந்நேரமானாலும் ஒருவர் போய்க் குழியைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கரி அடுப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. புகையில்லாமல் சிவந்திருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரியடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துத் தூங்கியவர்கள் தூக்கத்திலேயே இறந்திருக்கிறார்கள். சமையல் முடிந்த கரியடுப்பு வெளியிலேயே இருக்க வேண்டும். கன்றுக்குட்டி கட்டிய தொழுவத்துக்கும், கோழிக்குஞ்சு வளர்க்கும் மூடிய அறைக்கும் இது பொருந்தும்.

அணைப்பதில்தான் பிழை

பெரும்பாலான தீ, மூட்டும்போது பரவுவதில்லை. விட்டுவிட்டுப் போன பிறகே பரவுகிறது. மண்ணைப் போட்டு மூடினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். மண் மூடிய கங்கு காற்றில்லாமல் மெதுவாகக் கனன்று மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். நாய் கிளறினாலோ காற்று மண்ணைத் தள்ளினாலோ மீண்டும் பற்றும். முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு கழியால் கிளறி மறுபடியும் ஊற்ற வேண்டும். சீறும் சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை என்று பொருள். சாம்பல் முழுதும் ஆறிய பிறகே அதை எருக்குழியில் போடலாம்.

தாளை எரித்தால் யாருக்கு நட்டம்?

பஞ்சாப், அரியானா பகுதியில் தாள் எரிப்போருக்கு 2 ஏக்கருக்குக் கீழ் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு தொகையை உயர்த்தியது. அது டில்லியும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களும் சேர்ந்த பகுதிக்கான விதி, தமிழகத்துக்கு அல்ல. ஆனால் அபராதம் இல்லாததால் இங்கே தாளை எரிப்பது இலாபம் என்று ஆகிவிடாது.

ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து, 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல்சத்து உள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் காற்றோடு போய்விடும். மணிச்சத்தில் கால் பங்கும், சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகும். ஓர் ஏக்கரில் 2 டன் என்று வைத்துக்கொண்டால் தழைச்சத்து மட்டும் 11 கிலோ. அதாவது அரை மூட்டைக்கும் மேற்பட்ட யூரியா. கையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதை நாமே கொளுத்திவிடுகிறோம். மேல்மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் வெப்பத்தில் குறைகின்றன. புகைக் கணக்கோ, ஒரு டன்னுக்கு 3 கிலோ நுண்துகளும் 60 கிலோ கார்பன் மோனாக்சைடும்.

இயந்திர அறுவடையில் வைக்கோல் வயலில் சிதறிக் கிடப்பதே எரிக்கத் தூண்டுகிறது. வைக்கோல் கட்டும் இயந்திரத்தை நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு அழைத்தால் கட்டுகளைத் தீவனத்துக்கு விற்கலாம். கால்நடை வைத்திருப்போருக்குக் கோடையில் அதற்கு நல்ல கிராக்கி உண்டு. அடித்தாளைச் சேற்றுழவில் மடக்கி உழுதுவிடலாம். அப்போது தாள் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் சிறிது காலம் இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட முதல் சேற்றுழவில் ஹெக்டேருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ யூரியா இட்டு, நடவுக்கு 10 நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. மிஞ்சிய கழிவைச் சாணக் கரைசல் தெளித்துக் குவித்து மக்க வைக்கலாம். காய்கறிப் பாத்தியில் மூடாக்காகவும் போடலாம்.

நோய் தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டிய நேரமும் வரும். அவற்றைக் குழியில் போட்டுச் சிறிது சிறிதாக எரிப்பதே முறை. வயலோடு தீ வைக்கத் தேவையில்லை.

தீ கை மீறினால்

தண்ணீர் தேடி ஓடுமுன் 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்பு வண்டி வருவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஊர்ப் பெயருடன் வண்டி வரக்கூடிய சாலையையும், பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி போன்ற அடையாளத்தையும் சொல்ல வேண்டும். சாலையில் ஒருவர் நின்று வழி காட்ட வேண்டும். மின்கம்பிக்கு அருகே தீ என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே தண்ணீர் அடிக்க வேண்டும்.

புல்லில் பரவும் சிறு தீயைப் பச்சைக் கொத்தாலும் ஈரச் சாக்காலும் ஓரத்திலிருந்து அடித்து அணைக்கலாம். தீக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. அது கடந்து போன கருகிய பக்கத்தில் நின்று அடிப்பதே பாதுகாப்பு. சுவாலை ஆள் உயரம் எழுந்தால் கிட்டப் போக வேண்டாம். டிராக்டரால் முன்னே ஓர் உழவு ஓட்டிவிட்டால் தீ அங்கே நிற்கும். மாடுகளின் கயிற்றை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். போரை இழுத்துக் காப்பாற்றுவதற்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

உடையில் தீ பிடித்தால் ஓடக் கூடாது. படுத்து உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மை, பற்பசை, எண்ணெய், மாவு எதையும் தடவக் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சேதம் நேர்ந்தால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, தீயணைப்பு நிலையத்தின் சான்றும் பெற்று வைக்க வேண்டும். குடிசை எரிந்தவர்கள் வட்டாட்சியர் மூலம் நிவாரணம் கேட்கவும், காப்பீடு உள்ளவர்கள் தொகை கோரவும் இந்தத் தாள்களே ஆதாரம்.

ஊராகச் செய்ய வேண்டியது

படப்பையைச் சுற்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டு, உரிமையாளர் வெளியூரில் இருக்க, புல் மண்டிக் கிடக்கும் நிலம் ஏராளம். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித் துண்டு போதும். அங்கே பிடித்த தீ பக்கத்து விளைநிலத்துக்கு வந்துவிடும். தனி ஒரு விவசாயி சொன்னால் மனைக்காரர் கேட்கமாட்டார். ஜனவரி 26-லும் மார்ச் 22-லும் கிராம சபை கூடுகிறது. ஒன்று தீப் பருவத்தின் தொடக்கத்திலும், மற்றது நடுவிலும் வருகிறது. காலி மனைகளின் புல்லை உரிமையாளரே அறுத்துவிட வேண்டும், வயலை ஒட்டிய எல்லையில் உழுது தடுப்புப் பட்டை போட வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவந்தால் ஊராட்சி அறிவிப்பு அனுப்ப வழி பிறக்கும். நம் நிலத்தில் செய்ய வேண்டியதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை: வைக்கோல் போரைச் சுற்றி இரண்டு சால் உழுதுவிடுவதும், நனைந்த வைக்கோலைக் காய வைத்தே போர் போடுவதும் ஒரு நாள் வேலைதான்.

கடனும் நெருப்பும் பகையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். இந்த மூன்றிலும் நெருப்புதான் ஒரு குடம் தண்ணீரில் தீர்ந்துபோவது.